ஆளுக்கொரு இலை

தங்கேஸ்வரிக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் அவள். அங்கே ஒருத்தி இருமினால் அடுத்த காம்பராக்காரி சுடுதண்ணீரோடு வந்து நிற்பாள். இங்கேயானால் ஒவ்வொரு வீடும் சுற்றி மதிலைக் கட்டி, கேட்டைச் சாத்திக்கொண்டு, நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நெய்யாற்றின்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்ததிலிருந்து பார்க்கிறாள், வாசலில் நின்று ஊர்க்கதை பேசும் ஒரு பெண்பிள்ளை கண்ணில் படவில்லை. ரப்பர் மரங்கள் வேறு மாசி வெயிலில் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. மனுஷர் குடியிருக்கிற ஊர்தானா இது என்றிருந்தது அவளுக்கு.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கொழும்பிலிருந்து இந்தியாவுக்குத் தன்னந்தனியாக வந்தது ஊர் பார்க்கவா? லேகாவைப் பார்க்க. குவைத்தில் இருவருக்கும் ஒரே வீட்டில்தான் வேலை, பத்து வருஷத்துக்குக் கிட்ட. அந்த வீட்டு எஜமானிக்கு ரொம்பப் பெரிய மனசு! வேலைக்காரிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தட்டுத்தான் ஒதுக்கியிருந்தாள். சமையலறை மூலையில் எதிரெதிரே குந்தி, ஆளுக்குப் பாதியாகத் தின்பார்கள். மீன் துண்டு இருந்துவிட்டால் லேகா அதை இந்தப் பக்கம் தள்ளுவாள், இவள் அந்தப் பக்கம் தள்ளுவாள். அது ஆறி அவலாகிப் போன பிறகுதான் யாராவது ஒருத்தி வாயில் போடுவாள்.

"எனக்க வீட்டுக்கு ஒருக்கா வா மக்கா," என்பாள் லேகா. "ஆளுக்கொரு வாழையிலை போட்டு, பக்கத்துல பக்கத்துல இருந்து தின்னுவோம்."

போன வருஷம் உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தவள், ஐப்பசியோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். பாவி மகள், மறந்துபோனாளா, கோபமா, என்னதான் வந்தது இவளுக்கு? நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, அந்த ஒரு வேளைச் சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றால்தான் மனசு ஆறும் என்று புறப்பட்டு வந்துவிட்டாள் தங்கேஸ்வரி.

"ஆரியங்கோட்டுல யாருக்க வீட்டுக்காக்கும் அக்கா?" என்றார் ஆட்டோக்காரர் ராஜையா. அதுவரை வெயிலைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனுஷர்.

"கிருஷ்ணன்குட்டின்னு ஒருத்தர். அவர் தங்கச்சி லேகா என் சினேகிதி."

அதோடு அவர் பேச்சு அறுந்தது. வீடு வந்ததும் இவளை முந்திக்கொண்டு கேட்டைத் திறந்துபோய், நரைத்த மீசைக்காரர் ஒருவரிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிவிட்டு, இவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார்.

மீசைக்காரர்தான் கிருஷ்ணன்குட்டி. லேகாவின் அதே சப்பை மூக்கு. "வாருங்க, வாருங்க. லேகாவுக்க தங்கம்தானே நீங்க? இந்த வெயில்ல வந்திருக்கியளே," என்றார். அவர் மனைவி சரோஜம் வாசலுக்கு வந்தாள், தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"லேகா எங்கண்ணே?"

"எல்லாம் சொல்லுதேன். மொதல்ல சோறு தின்னுங்க."

"அவ வரட்டும். சேர்ந்து சாப்பிடத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

கிருஷ்ணன்குட்டி தரையைப் பார்த்தார். "தூரத்துலேருந்து வந்த ஆளை வெறும் வயித்தோட இருத்தி நாங்க ஒண்ணும் பேசுகதில்ல. இவிடத்த வழக்கமாக்கும். தின்னுங்க."

ஒற்றை இலை போட்டார்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கு, மத்தி மீன் கறி, ஏதோ பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர். எல்லாம் லேகா வாய்க்கு வாய் சொன்னவைதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். லேகா வராமல் தின்னத் தங்கேஸ்வரிக்கு மனசில்லை. ஆனாலும் லேகா வீட்டுச் சோறாயிற்றே என்று தின்றாள். பழக்கதோஷம், இலையின் ஒரு பாதியைத் தாண்டி அவள் கை போகவில்லை.

எழுந்து, செம்புத் தண்ணீரோடு முற்றத்துக்கு வந்தாள். கை கழுவுகிற தண்ணீரை வீணாக்குவது தோட்டத்துப் பிள்ளைக்கு ஆகாது. வீட்டுக்குத் தெற்கே ஒரு தென்னங்கன்று நின்றது. அதன் தூரில் கையைக் கழுவி, வாயையும் கொப்பளித்துத் துப்பினாள்.

"ஐயோ! அவிடெ வேண்டாம்!" சரோஜம் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

அப்போதுதான் தங்கேஸ்வரி பார்த்தாள். ஓலை மறைவில் ஒரு சிறிய கல். அதன்மேல் கரிந்த திரியோடு ஒரு விளக்கு.

"ஐப்பசியிலயாக்கும்," என்றார் கிருஷ்ணன்குட்டி. "கர்ப்பப்பையில கட்டி. வேண்டிய வைத்தியமெல்லாம் பாத்தோம், ஒண்ணும் நடக்கல்ல. இங்கதான் எரிச்சோம். எரிச்ச இடத்துல தென்னம்பிள்ளை வைக்கது இவிடத்த முறை. அவளுக்க போனைத் திறக்க எங்களுக்குத் தெரியாது. யாருக்குன்னு சொல்லுவோம்?"

தங்கேஸ்வரியின் கையிலிருந்து செம்பு விழுந்தது.

"நல்லா இருக்கு உங்க வழக்கம்!" என்று கத்தினாள். "எங்க ஊர்ல தெரு முனையிலயே கட்டிப்பிடிச்சு அழுதிருப்பாங்க. அவ இல்லாத வீட்டுல என்னை வயிறு நிறையத் தின்ன வச்சிட்டீங்களே. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த இலையில கை வச்சிருப்பேனா?"

"அதுக்காக்கும் சொல்லல்ல," என்றார் அவர். "சொல்லியிருந்தா தின்னிருக்க மாட்டியளே. சாகப் போகயிலயும் அவ சொன்னது அதுதான். தங்கம் வந்தா பட்டினியா விட்டுராதீங்கன்னு."

சரோஜம் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள், எச்சில் பட்ட இடத்தைக் கழுவிவிட. தங்கேஸ்வரி குறுக்கே போய் நின்றாள்.

"ஊத்தாதீங்கம்மா. என் எச்சில் அவளுக்குப் புதுசில்ல. ஒரே தட்டுல தின்னவங்க நாங்க."

சரோஜம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, இலை எடுக்க உள்ளே போனாள். வெகுநேரம் ஆளைக் காணோம். பிறகு அந்த இலையை அப்படியே இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். ஒரு பாதி துடைத்ததுபோல் காலி. மறு பாதியில் மரச்சீனியும் மீனும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"எச்சில் இலையாக்கும் இது, அங்க வைக்கலாமா?" என்றார் கிருஷ்ணன்குட்டி.

"இது அவளுக்க பாதி," என்று சொல்லி, சரோஜம் அதைக் கன்றின் தூரில் வைத்தாள்.

தங்கேஸ்வரி ஈர மண்ணிலேயே இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் துண்டை விரலால் கன்றின் பக்கமாகத் தள்ளினாள். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். அதைத் திருப்பித் தள்ள அங்கே யாரும் இல்லை.