பக்கத்தில் தெரிந்த எண்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததல்ல, நான் எடுத்துக்கொண்டது. உரியவரிடம் கேட்காமல் எடுத்தேன். ஏன் கேட்கவில்லை என்பது நான்காம் பகுதியில் வரும். நேராக அங்கே தாவுகிறவர்களை நான் தடுக்க முடியாது.

சனிக்கிழமை காலைகளில் ஒரு நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் வைத்து நாலைந்து பக்கத்தில் ஒரு எளிய இணையதளம் செய்வதுவரை பாடம். ஏழு கணினிகள், பதினோரு பேர்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட்காரர் வெறுங்காலோடு படியிறங்கி…’

(அடித்துவிட்டேன். அவர் செருப்புப் போட்டிருந்தார். இடது காலில் தன்னுடையது, வலது காலில் மனைவியுடையது. வெறுங்கால் என்றால் உங்களுக்கு இரக்கம் சீக்கிரம் வரும் என்று கணக்குப் போட்டேன்.)

2

அந்த மனைவியை வகுப்பில் எல்லோரும் அக்கா என்பார்கள். வயதில் மூத்தவர்கள்கூட. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக விரிப்பு மடிக்கிற வேலை. திடீரென்று விரிப்புக் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டதால் படிக்க வந்தார். சுட்டியை இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்திப் பிடிப்பார். ஆனால் சிஎஸ்எஸ் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. கோட்டுக்கு உள்ளே விடுகிற இடம் பேடிங், வெளியே விடுவது மார்ஜின் என்று நான் பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்துகொண்டிருந்தபோது, உறைக்குள்ளே தலையணை தளர்வாக இருப்பது ஒன்று, இரண்டு தலையணைக்கு நடுவே இடம் விடுவது இன்னொன்று, அவ்வளவுதானே என்று கேட்டார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லித்தருகிறேன்.

கணவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடமே மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தார், மகளின் முகத்தை மறந்தார், வேலையை மட்டும் மறக்கவில்லை. விடிந்தால் கருவிப் பையைத் தேடுவார். அக்கா அதைப் பரணில் ஒளித்துவைத்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பையைத் தேடவில்லை. அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் கதவு திறந்து கிடந்தது.

3

சனிக்கிழமை அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். எனக்கு முன்பே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். காவல் நிலையம், மருத்துவமனைகள், பேருந்து நிலையம் எல்லாம் ஆகிவிட்டதாம். சமூக வலைத்தளத்தில் மகள் படம் போட்டாளாம்.

“போட்ட மறுநாளே யாரோ கல்யாணப் படத்துக்குக் கீழ போயிடுச்சு சார். கீழ போகாம ஒரே எடத்துல நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும். நீங்க சொல்லித்தர்றது நிக்கும்னுதானே சொன்னீங்க?”

நிற்கும் என்றேன்.

இரண்டு மணி நேரத்தில் செய்தோம். தலைப்பை அவரே அடித்தார்: காணவில்லை. எழுத்து பெரிதாக, கறுப்பாக. சிவப்பு வைக்கலாமே என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதற்கு வேண்டாம் என்றார். படம் நடுவில். உயரம், சட்டை நிறம், ஜோடி மாறிய செருப்பு. ‘பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது, லிஃப்ட் பற்றிக் கேட்டால் பேசுவார்’ என்று ஒரு வரி. கடைசியாகத் தொலைபேசி எண். கைபேசியில் அந்த எண்ணைத் தொட்டாலே அழைப்பு போக வேண்டும்.

‘அந்த எண்ணை அடிக்கும்போது அக்காவின் விரல் நடுங்கி, ஒரு…’

(இல்லை. இந்த வாக்கியத்தை மூன்று பிரதிகளில் மாற்றி மாற்றி எழுதினேன். மூன்றிலும் விரல் அவருடையது. விரல் என்னுடையது.)

4

நடந்தது இது. நேரமாகிறதென்று அந்த ஒரு வரியை நான் வாங்கிச் செய்தேன். முந்தைய வாரப் பயிற்சிக் கோப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டினேன். இப்படிப்பட்ட வரியில் எண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரிவது. மற்றது உள்ளே, தொட்டால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்வது. தெரிகிற எண்ணை மாற்றினேன். உள்ளே இருந்ததை மாற்றவில்லை. பயிற்சிக்காக வாய்க்கு வந்தபடி நான் போட்டிருந்த எண் அப்படியே இருந்தது.

தொட்டுப் பார்க்கட்டுமா என்று அக்கா கைபேசியை எடுத்தார். அதெல்லாம் சரியா இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனேன்.

பக்கம் பரவியது. மகள் ஊரெல்லாம் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தவர்கள் சரியான எண்ணுக்கே அழைத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பதினான்காம் நாள் லிஃப்ட்காரர் கிடைத்தார். பாதி கட்டிய ஓர் அடுக்குமாடியில், மின்தூக்கி இன்னும் பொருத்தாத குழிக்குள். விழவில்லை, ஏணி வழியாக இறங்கியிருக்கிறார் என்றார்கள். வேலைக்கு இறங்கும்போது செய்கிற மாதிரி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஏறி வரத்தான் தெம்பில்லை போலிருக்கிறது. இறந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகியிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். அதாவது பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அக்கா வகுப்புக்கு வந்தார். பக்கத்தை அழிக்க வேண்டாம், தேடுகிறவர்கள் இனி தேட வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடலாம் என்றார். கோப்பைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இனிமே இந்த நம்பர் எதுக்குக்கா, எடுத்துடலாமா?” என்றேன்.

“எடுத்துடுங்க சார்.”

வரி முழுவதையும் அழித்துச் சேமித்தேன்.

5

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் நான் கவனக்குறைவானவன், அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.)

அன்று மதியமே, பயிற்சிக்காக நான் போட்டிருந்த அந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் தையல் இயந்திரம் ஓடி நின்றது. யாரோ காணாமல் போனவரைப் பற்றி உங்களுக்கு அழைப்பு வந்ததா என்று கேட்டேன். நாலைந்து வந்தது, ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன் என்றார். ஒருவர் மட்டும் வைக்க விடாமல் பேசினாராம். புதன்கிழமை. பாலத்துக்குப் பக்கத்துப் பேருந்து நிழற்குடையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொரு காலில் ஒவ்வொரு செருப்பு, தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சீக்கிரம் வாங்க என்று.

அந்த அடுக்குமாடி பாலத்திலிருந்து இரண்டு தெரு. புதன்கிழமை என்பது ஒன்பதாம் நாள்.

“எந்த நம்பர்னு தெரிஞ்சிருந்தா நானே போட்டுச் சொல்லியிருப்பேங்க. எனக்கு ஒண்ணும் புரியலே. அவரு கெடச்சுட்டாரா?”

“கெடச்சுட்டார்.”

“நல்லவேளை,” என்றார் அவர். நான் திருத்தவில்லை.

6

முடிவுகள். ஒன்றில் நான் அக்காவிடம் சொல்கிறேன், அவர் அழுது, பிறகு மன்னிக்கிறார். எழுதிப் படித்துக் கூசிப்போய்க் கிழித்தேன். இருபத்திரண்டு வருடம் நோயாளிகளின் விரிப்பு மடித்தவரை, எனக்கு வசதியாக மன்னிக்கவைக்க நான் யார். இன்னொன்றில் அவர் என்னை அறைகிறார். அதுவும் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது, அதனால் அதுவும் போயிற்று. மூன்றாவதில் நான் வாயே திறப்பதில்லை. இப்போது நான் வாழ்ந்துகொண்டிருப்பது அதில்தான். அதை முடிவு என்று சொல்ல முடியவில்லை.

நான் உட்கார்ந்து யோசிப்பதற்குள் போன சனிக்கிழமை வந்துவிட்டது. அக்கா இப்போது நன்றாகச் செய்கிறார். சலவைப் பிரிவுக்கென்று தனியாக ஒரு பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறார். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவர் மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், அந்த லிங்க் பாடம் இன்னொரு தடவ சொல்லுங்க. வெளிய தெரியறது ஒண்ணு, உள்ள போற எடம் வேறன்னு இருக்க முடியுமா?”

“முடியும்.”

“பாக்கறவங்களுக்குத் தெரியாது?”

“உள்ள போய்ப் படிச்சாத்தான் தெரியும்.”

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நிதானமாக, முழு வாக்கியமாக. மூடியை மாட்டிப் பேனாவைப் பைக்குள் வைத்தார். பிறகு கிளம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பக்கத்துக்காகக் கேட்டாரா, வேறு எதற்காகவாவதா, எனக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் கேட்டுவிட்ட உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அடுத்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அது என் வாயிலிருந்து வருவதாக இருக்கட்டும். சீக்கிரம். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.