இருமல் மருந்து மூடி

தையற்காரர் வாய் திறந்து 'முடியாது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'பார்க்கலாம்' என்பார். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் மகளுக்கு வேலை கிடைத்ததிலிருந்து அந்தப் 'பார்க்கலாம்' வீட்டில் ஊறிக்கொண்டே இருந்தது. வருகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லும்படி ஆய்வகத்தில் கேட்டுவிட்டார்கள்.

மகள் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. மதியம் அவள் மறுபடியும் கேட்டபோது அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“செஸ்ல என்னை ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டுக் கிளம்பு.”

அந்த வீட்டில் யாரும் அவரை ஜெயித்ததில்லை. பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள்.

“ஏண்ணா, போகாதேன்னு நேரா சொல்லிட்டுப் போயேன். சுத்தி வளைச்சு இது எதுக்கு?”

“ஜெயிச்சா போகட்டும். சொன்னா சொன்னதுதான்.”

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து செல்போனில் தேடினாள். நீண்ட ஆட்டம் என்றால் தோல்வி நிச்சயம். சீக்கிரம் முடிக்க ஒரு வழி இருந்தது. எதிரி ராஜாவை ஒட்டி நிற்கும் பிஷப்புக்கு முன்னால் ஒரு சிப்பாய். அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. ராணியும் பிஷப்பும் சேர்ந்து அதைக் குறிவைத்தால் நாலே நகர்த்தலில் செக்மேட். விஷயம் தெரிந்தவர்கள் சுலபமாகத் தடுத்துவிடுவார்கள் என்றும் போட்டிருந்தது. ஆனால் அப்பாவின் கை அவளுக்குத் தெரியும். எதிரி ராணி தலைகாட்டினால் போதும், முன்பின் பார்க்காமல் குதிரையை விட்டு விரட்டுவார்.

வெட்டு மேசையில் துணிகளை ஒதுக்கிப் பலகையை விரித்தார்கள்.

“நான் வெள்ளை,” என்றாள்.

வெள்ளை எப்போதும் அவருடையது. அதில் ஒரு பிஷப் தொலைந்தபோது இருமல் மருந்து பாட்டிலின் மூடியை அந்த இடத்தில் வைத்தவர் அவர்தான். மற்றவர்களுக்குக் குழம்பும் என்று அன்றிலிருந்து வெள்ளையைத் தானே வைத்துக்கொண்டார்.

“எடுத்துக்கோ. மூடி எதுன்னு மறந்துடாத.”

ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை நகர்த்தினாள். அவரும் அப்படியே. மூடியைக் குறுக்காக வெளியே கொண்டுவந்தாள். அவர் ஒரு குதிரையை எடுத்துவைத்தார். அவள் ராணியை ஓரக் கட்டம்வரை கொண்டுபோனாள்.

“மகாராணி தனியா காத்து வாங்க வந்துட்டாங்களா?” என்று சிரித்தபடி இன்னொரு குதிரையால் விரட்டினார்.

ராணி அந்தச் சிப்பாயை வெட்டியது.

“செக்,” என்றாள்.

“கையில இருக்கறதைக் கிணத்துல போடறியே!” ராஜாவால் ராணியை வெட்டி, எடுத்து மேசையில் வைத்தார். அத்தை பொத்தானுக்குத் திரும்பினாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆட்டம் தொடரும். ராணி இல்லாமல் சீக்கிரமே தோற்றுவிடுவாள். வழக்கம்போல எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

“அப்பா.”

“என்ன?”

“அதை வெட்ட முடியாது. மூடி இருக்கு.”

“கேக்கலை.”

“மூடி இருக்கு,” என்றாள். மூடியிலிருந்து ராஜா வந்து நின்ற கட்டம்வரை விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷமும் தன் பக்கத்தில் நின்றபோது அது பிஷப். எதிர்ப்பக்கத்திலிருந்து அதைப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பமே வந்ததில்லை. வெட்டு மேசையில் எப்போதும் கிடக்கும் நூல்கண்டு, சாக்கட்டி வரிசையில் அதையும் கண் ஒதுக்கிவிட்டது.

ராணியை எடுத்த இடத்திலேயே வைத்தார். ராஜாவைப் பின்னால் இழுத்து வேறு கட்டம் தேடினார். காலியாக இருந்த ஒரே கட்டத்தையும் ராணி பார்த்துக்கொண்டிருந்தது.

“இருமலுக்கு வாங்கினது, ராஜா கதையையே முடிச்சிடுச்சு,” என்றாள் அத்தை.

அவர் சிரிக்கவில்லை. காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார், மூடியைக் கடைசியாக. பிறகு துணியை இழுத்து விரித்தார்.

மகள் போனை எடுத்தாள்.

“சத்தமா பேசு,” என்றார் துணியைப் பார்த்தபடி. “இல்லேன்னா அவங்களுக்கும் கேக்காது.”

கத்தரி ஓடத் தொடங்கியது.

“வர்றேங்க,” என்றாள். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.