அட்டை நுழையும் இடைவெளி

படகு வீட்டுக்குள் வளர ஆரம்பித்த பிறகு கதவுக்காரனும் அவன் மனைவியும் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் நடமாடினார்கள். இருப்பதே ஒரு அறை, பின்னால் கையகலத்தில் ஒரு சமையல் மூலை. அந்த அறைக்கு நடுவே, கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி, அது கவிழ்ந்து படுத்திருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொம்பு வேண்டுமென்றால் எழுந்து சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

"நீங்களே எடுத்துக்குங்க. இப்பதான் காலை நீட்டினேன். மடக்கினா மறுபடி நீட்ட வராது."

கேட்டவனுக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை. தாகம் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுத் தானாகவே போய்விட்டது.

புதுக் கட்டடங்களில் கதவு மாட்டுவது அவன் தொழில். கதவைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏறுவான், நிலையில் நிறுத்துவான், கீல் அடிப்பான், இறங்கி வந்து அடுத்ததைத் தூக்குவான். அவள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை உதறி மடிக்கிறவள். மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

நடைபாலம் இருந்தவரைக்கும் குறையொன்றும் இல்லை. அவளுக்கு வேலை முடிகிற நேரத்தில் இவன் டீ போட்டு வைத்தால், அது ஆறுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். புதுசு கட்டுகிறோம் என்று பழைய பாலத்தை இடித்தார்கள். ஆற்றில் நான்கு தூண்கள் எழும்பின, அதோடு வேலை நின்றுவிட்டது. தூண்களில் பறவைகள் உட்கார்ந்து எச்சம் போட்டுக்கொண்டிருந்தன. பஸ்ஸோ ஊரையெல்லாம் பிரதட்சணம் செய்துவிட்டுத்தான் அக்கரைக்குப் போனது. நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்து, அவளுடைய முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. வேலைக்கும் பிந்திப் பிந்திப் போனாள்.

சலவைக்கூடத்து மேஸ்திரியம்மா ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். கூடத்துக்குப் பின்னால் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் காலியாகிறது. மாசக் கடைசிக்குள் அதில் வந்து தங்கிக்கொள், வாரத்தில் ஒருநாள் வீட்டுக்குப் போய் வா. இல்லையென்றால் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

"வேலைய விட்டுடேன்" என்று கதவுக்காரன் ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தான்.

"விட்டுட்டு? உங்க கதவைக் கடிச்சுத் திங்கிறதா?"

மறுநாள் அவன் தோளில் ஒரு பழைய கதவோடு வீட்டுக்கு வந்தான். அதற்கடுத்த நாள் இன்னொன்று. எங்கோ ஒரு பழைய கட்டடத்தை இடித்தார்கள். கிடக்கிறதை அள்ளிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தார்கள். சின்ன வயதில் மணல் ஏற்றும் படகில் கூலி வேலை பார்த்தவன் என்பதால் துடுப்புப் போடத் தெரியும். படகு கட்டத்தான் தெரியாது. கதவுகளைப் பலகை பலகையாகக் கழற்றி இழைத்தான். படுக்கையறைக் கதவெல்லாம் பக்கவாட்டுக்குப் போயின. கனமான வாசல் கதவு அடித்தளத்துக்குப் போனது. அதில் பூட்டு இருந்த இடத்தைக் கட்டை வைத்து மூடினான். சாவித் துவாரத்துக்கு மட்டும் பாட்டில் கார்க் ஒன்றை நறுக்கித் திணித்தான்.

பக்கத்துக் கடை தையல்காரர் கழுத்தில் டேப்பும் கையில் டீ கிளாசுமாகத் தினம் வந்து எட்டிப் பார்ப்பார்.

"ஏண்ணே, எல்லாம் கதவாவே இருக்கே. தண்ணி உள்ள வரணும்னா பெல் அடிச்சிட்டுத்தான் வருமா?"

"உன் வாயைத் தைக்க ஊசி இருக்கா பாரு மொதல்ல."

"அது கிடக்கட்டும். இதை எப்படிண்ணே வெளிய எடுப்பே? வீட்டை இடிக்கணும் போலிருக்கே."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி அது. கதவுக்காரனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாசலின் அகலம் தெரியாமலா அவன் வேலையைத் தொடங்குவான்? கதவைக் கழற்றிவிட்டுப் படகை ஒருக்களித்துச் சாய்த்தால் உரசாமல் போய்விடும். அதை முதல் நாளே பார்த்து வைத்திருந்தான்.

அவன் பார்க்காமல் விட்டது வேறொன்று.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த அட்டைத் துண்டு வைத்திருப்பான். ஓரம் எல்லாம் அழுக்கேறி மழமழவென்று ஆகிவிட்ட துண்டு. கதவை நிலையில் நிறுத்தினால் அந்த அட்டையைச் சந்தில் விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பார்ப்பான். மேலே, கீழே, பக்கத்தில், எங்கும் அது தடங்கலில்லாமல் நுழைந்து போக வேண்டும். அப்போதுதான் மழைக்காலத்தில் கதவு உப்பினாலும் பிடிக்காது. இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் கதவுக்கு அப்படி ஓட்டினானோ! கைக்கு அது மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப்போயிருந்தது. அதனால்தான் வேலையிலிருந்து வந்து, பாதிக் கண் மூடிய நிலையில் படகுக்குப் பலகை பலகையாக அடித்தபோதும், கை பைக்குப் போய் அட்டையை எடுத்து இரண்டு பலகைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே இருந்தது. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே அட்டை கனம் இடைவெளி. ஒழுங்கான, அழகான இடைவெளி. ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் வைக்கிற பட்டி மாவைப் பிசைந்து எல்லாவற்றையும் அடைத்து, மேலே பெயின்ட் பூசினான்.

"ஓட்டை மாதிரி இருக்கே" என்றாள் அவள்.

"மரத்துக்கு இடம் விடணும்மா. நீ படு."

மாசக் கடைசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படகு வெளியே வந்தது. வீட்டுக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். தையல்காரரும் டீக்கடையில் நின்ற இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். சொன்ன மாதிரியே ஓரிடத்திலும் உரசாமல் வந்தது. ஆற்றங்கரைப் படித்துறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கி, கரையில் இருந்த இரும்புக் கம்பத்தில் கயிற்றைக் கட்டினார்கள். கதவுக்காரன் ஏறி நடுவில் உட்கார்ந்தான். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள்.

"வா, ஏறு."

அவள் ஒரு காலைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அவன் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு சந்திலும் ஈரம் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. பெயின்ட் குமிழ் விட்டது. பட்டி புழு மாதிரி நெளிந்து உள்ளே விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் ஆர்ப்பாட்டமில்லாமல், ஏதோ குடியேற வந்த மாதிரி, எல்லாப் பக்கமும் உள்ளே வந்தது. அவன் இரண்டு கையாலும் அடைக்கப் பார்த்தான். கை இரண்டுதான், சந்து அத்தனை! கணுக்கால் நனைந்தது, அப்புறம் முழங்கால். படகு மெல்ல இறங்கி, விளிம்பு மட்டும் வெளியே தெரிய, சேற்றில் உட்கார்ந்துகொண்டது. அவனும் அதற்குள் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"பெல் அடிக்காமலே வந்துருச்சேண்ணே" என்றார் தையல்காரர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இழுத்துக் கரையில போட்டுடலாமாண்ணே?"

"கிடக்கட்டும்" என்றான் கதவுக்காரன். "அப்புறம் ஒடைச்சு அடுப்புக்கு எடுத்துக்கறேன். இப்ப கை வரல."

திங்கட்கிழமை அவள் பையில் மாற்றுத் துணியும் சீப்பும் முட்டிக்குத் தேய்க்கும் தைலமும் எடுத்து வைத்தாள்.

"வாரம் ஒருநாள் வந்துடுவேன்ல."

"ம்."

"இனிமே அறை உங்களுக்கு விசாலமா இருக்கும்."

"ஆமா. காலை நீட்டிப் படுக்கலாம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. வாசலுக்குப் போனவள், சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்தாள்.

"அதையாவது மாட்டுங்க. ஊருக்கெல்லாம் மாட்டுறீங்க."

"மாட்டுறேன், மாட்டுறேன்" என்றான். மாட்டவில்லை. வாசலில் ஒரு பழைய விரிப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினான். டீயை ஒரு கிளாசுக்கு மட்டும் போட அவனுக்கு அளவு பிடிபடவில்லை. மீந்ததைத் தையல்காரர் வந்து குடித்துவிட்டுப் போனார். ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அந்த வாரம் விட்டு விட்டு மழை பெய்தது. மழை வந்தால் கதவு பிடிக்கிறது என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். போன வருஷம் அவன் மாட்டிய ஒரு வீட்டிலிருந்து அப்படித்தான் அழைப்பு வந்தது. நாலாவது மாடி. இழைப்புளியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறினான்.

"என்னப்பா நீ கதவு மாட்டுன லட்சணம்?" என்று வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் குளிக்கப் போனவர் வெளிய வர முடியாம சோப்பு நுரையோட நின்னு கத்துறார். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உதைச்சுத் திறந்தாங்க. அவருக்கு இன்னும் மானம் திரும்பல."

"துண்டாவது கட்டியிருந்தாராம்மா?"

"அதைத்தான்பா சொல்றேன்!"

கதவுக்காரன் பழக்கப்படி அட்டையை எடுத்துச் சந்தில் விட்டான். நுழையவில்லை. மேலே வைத்துப் பார்த்தான், நுழையவில்லை. பக்கத்தில், கீழே, எங்கும் நுழையவில்லை. மயிரிழை கூட இடமில்லாமல் மரம் நிலையை நெருக்கிக்கொண்டு நின்றது. அட்டை கனம் விட்டு அவனே மாட்டிய கதவு. அவனே எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்த்த கதவு.

இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா ஆச்சு? தலை சுத்துதா? தண்ணி வேணுமா?"

"தண்ணிதாம்மா" என்றான். "தண்ணிதான் அங்கயும் வேலை பாத்துக்கிட்டு இருக்கும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் கதவை இழைத்து, திறந்து மூடிக் காட்டிவிட்டு இறங்கினான். ஓடத்தான் ஆசை. உடம்பு இடம் கொடுக்காததால் நடந்தே போனான்.

படகு விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மழைக்கு ஆறு கொஞ்சம் ஏறியிருந்தாலும் விளிம்பு வெளியே தெரிந்தது. காலி பெயின்ட் டப்பா ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கி இறைக்க ஆரம்பித்தான். இறைத்தான், இறைத்தான், தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இறைத்தான். நிமிர்ந்து மூச்சு வாங்கினால் தண்ணீர் திரும்ப வந்து நிற்கும் என்று பயந்துகொண்டே நிமிர்ந்தான். வரவில்லை. இறைத்தது இறைத்ததுதான். படகு லேசாக அசைந்து, சேற்றிலிருந்து சப்பென்ற சத்தத்தோடு விடுபட்டது.

உள்ளே குனிந்து பார்த்தான். ஒவ்வொரு சந்திலிருந்தும், மிச்சமிருந்த பட்டியை மரம் நெருக்கி, பல் துலக்கும் பேஸ்டைப் பிதுக்கின மாதிரி நீளக் கோடாக வெளியே தள்ளியிருந்தது. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு சந்தில் வைத்துப் பார்த்தான். நுழையவில்லை. ஆயுசெல்லாம் எந்த உப்பலை வைது வைது இழைத்துத் தள்ளினானோ அதுவேதான் இங்கே உட்கார்ந்து, அவன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த நேரத்தில், வேலையை முடித்திருக்கிறது. அன்றைக்கே தெம்பிருந்து இழுத்துக் கரையில் போட்டிருந்தால் இந்நேரம் விறகாகியிருக்கும். சாவித் துவாரத்தில் மட்டும் கார்க்கைச் சுற்றிக் கொஞ்சம் கசிந்தது.

தையல்காரர் கரையில் வந்து நின்றார். "அண்ணே, வேண்டாம்ணே. ஒருதரம் முழுகினது பத்தாதா?"

"படியில கிடக்கிற துடுப்பை உள்ள போடு. கயித்தை அவுத்து விடு."

"நீச்சல் தெரியுமாண்ணே உனக்கு?"

"தெரியும். நீந்தத்தான் தெம்பில்லை. அவுத்து விடுய்யா."

கதவுச் சட்டத்தில் செதுக்கிய துடுப்பு கையில் கனத்தது. கரையோரமாகவே கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தான். பிறகு குறுக்கே திருப்பினான். தண்ணீர் வெளியே இருந்தது. பாலம் கட்டாத தூண்களைத் தாண்டும்போது பறவைகள் சலித்துக்கொண்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

சலவைக்கூடத்தில் வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. அவள் இன்னொருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, விடுதியைப் பார்த்துத் தாங்கித் தாங்கி நடந்தாள். கதவுக்காரன் கூப்பிடவில்லை. துடுப்பால் படகின் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினான். கதவைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. மரம் கதவு மரம் அல்லவா.

அவள் திரும்பினாள். அப்படியே நின்றாள். பிறகு படி படியாக இறங்கி வந்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். நீ விடுதிக்குத்தானே போறே, போ."

"வாயைப் பாரு!" ஒரு காலை உள்ளே வைத்து, அடித்தளத்தை விரல்களால் தடவிப் பார்த்தாள். "நனையலையே."

"சாவித் துவாரத்துல மட்டும் கொஞ்சம் கசியுது."

"அது எங்க இருக்கு?"

காட்டினான். அவள் உட்கார்ந்து, கால் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கூட வந்தவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "பையை நாளைக்கு எடுத்துக்கறேன். மேஸ்திரியம்மாகிட்ட சொல்லிடு. கட்டிலை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லு."

"நேரத்துக்கு வருவியான்னு கேப்பாங்களே?"

"உங்களுக்கு முன்னாடியே வந்து கதவைத் திறந்து வைக்கிறேன்னு சொல்லு."

தூண்களைத் தாண்டும் வரைக்கும்கூட அவள் விழித்திருக்கவில்லை. தலை மார்பில் சாய்ந்துவிட்டது. ஆனால் தூங்கிய பிறகும் கட்டைவிரல் மட்டும் சாவித் துவாரத்தை விட்டு நகரவில்லை. கதவுக்காரன் அதைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டான்.

படகு இக்கரைப் படியில் மெல்ல முட்டி நின்றது.

"வந்துட்டோம். எழுந்திரு."

"கதவை மாட்டினீங்களா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இன்னும் இல்ல. நாளைக்கு."

"அப்ப வீட்டுக்குப் போயி என்ன அவசரம்? கொஞ்ச நேரம் இருங்க."

அவனுக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை. கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, அவள் எதிரில் காலை நீட்டினான்.