மூன்றாவது ஜாடி

கொல்டோ இந்த வருடமும் ஜெயித்துவிட்டால் அந்தச் செடி என்றைக்கும் அவன் பெயரில்தான் இருக்கும். கஞ்சா வளர்ப்போர் சங்கத்தின் விதி அப்படி. மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசான அகலக் கறுப்புத் தொப்பியை வாங்கியவன், தன் ரகத்தின் பெயரைப் போட்டி நடக்கும் கூடத்துச் சுவரில் செதுக்கிக்கொள்ளலாம். இரண்டு தொப்பி வாங்கிவிட்டான். ரகத்துக்குக் 'கொல்டோவின் இரவு' என்று பெயர் வேறு வைத்திருக்கிறான், வெட்கம் கெட்டவன்.

அதை உண்டாக்கியவள் அவனுடைய முன்னாள் மனைவி நெகானே. ஸ்பெயினின் வடக்கே அந்த பாஸ்க் மலைச்சரிவில் அக்டோபர் பிறந்தால் மழை விடாது. கஞ்சாப் பூ பூஞ்சணம் பிடித்து அழுகிப்போகும். மழைக்கு முன்பே முற்றுகிற செடி வேண்டும் என்று, ஆப்கானியக் குட்டைச் செடியோடு தங்கை கொண்டுவந்த மெக்சிகோ நெட்டைச் செடியைக் கலந்து, ஏழு வருடம் விதை போட்டுப் பொறுக்கினாள். கடைசியில் கிடைத்தது முக்கால்வாசி ஆப்கன், கால்வாசி மெக்சிகோ. செப்டம்பர் முடிவதற்குள் பூ இறுகி, பிசின் கோத்து நிற்கும். இரண்டு இழுப்பு இழுத்தால் தோள் இறங்கும், தாடை தளரும், நாள் முழுக்க மண்டைக்குள் நடந்த வாய்ச்சண்டை ஓய்ந்துவிடும். அந்த ஏழு வருடமும் கொல்டோ செய்த வேலை, புகைத்துவிட்டு 'நல்லாருக்கு' என்று சொன்னதுதான்.

பிரிந்துபோன அன்று தன் சட்டைகளைக்கூட மறந்துவிட்டுப் போனவன், தாய்ச்செடியை மறக்கவில்லை. வேனின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுபோனான். தாய்ச்செடி கையில் இருந்தால் கிளையைப் போத்தாக வெட்டி வெட்டி நட்டு அதே செடியை ஆயிரம் முறை வளர்க்கலாம். நெகானேக்கு மிஞ்சியது ஒரு டப்பா விதை. கலப்பு விதையில் அதே செடி திரும்ப வராது, ஒவ்வொன்றும் ஒரு தினுசாகத்தான் முளைக்கும்.

பிரிந்த மூன்றாவது வருடம் முளைத்த ஒன்று அவளையே ஏமாற்றியது. நெட்டையாக வளர்ந்தது, ஒல்லி இலை, எலுமிச்சைத் தோல் வாசனை. பார்த்தவர்கள் மெக்சிகோ என்று சத்தியம் செய்வார்கள். காயவைத்து, ஜாடியில் பதமாக்கி, ஒருநாள் மத்தியானம் புகைத்துப் பார்த்தாள். கால்மணி நேரம் ஒன்றுமே இல்லை. சப்பை என்று நினைத்துக் காலணியைக் கழற்ற உட்கார்ந்தாள். எழுந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, இடது காலணி காலிலேயே இருந்தது. சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கொல்டோவைக் கவிழ்க்கும் வழி தெரிந்தது.

போட்டியில் சேர்ப்பவர்கள் சரக்கு இலேசா கனமா என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். நடுவர்கள் இலேசை முதலிலும் கனத்தைக் கடைசியிலும் ருசிப்பார்கள். இல்லாவிட்டால் பாதியிலேயே படுத்துவிடுவார்களே! வளர்த்தவர் சொல்லே சாட்சி. அதில் பொய் எழுத இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. நெகானே 'இலேசு' என்று எழுதினாள்.

கொல்டோ தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இலேசா? என்னடி, எலுமிச்சைச் சாறு பிழிய ஆரம்பிச்சுட்டியா? பரவால்ல, உனக்கும் பொழுது போகணும்ல."

"உன்னுது எத்தனாவது ஜாடி?"

"கனம்தானே, ஏழு. கடைசி ருசிதான் நாக்குல நிக்கும். செதுக்கறவன்கிட்டகூடச் சொல்லி வெச்சுட்டேன்."

"அவ்ளோ தூரம் போயிட்டியா? சரி, உட்கார்ந்து பாரு."

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஆப்பிள் மது இறக்கும் கூடத்தில் ஐந்து நடுவர்கள் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். தலைமை நடுவர் மீன்காரி பிட்டோரி. பதினோரு வருடமாக நடுவர், ஒருமுறைகூடத் தலை சாய்ந்ததில்லை என்று அவளுக்கு ஒரு கர்வம். ஜாடிக்கு வெறும் எண்தான், பெயர் கிடையாது.

மூன்றாவது ஜாடி திறந்ததும் தச்சன் பெயோ மூக்கை விட்டு முகர்ந்தான்.

"அட, எலுமிச்சை! காலைல வேலைக்குக் கிளம்பும்போது இழுக்கலாம் போலிருக்கே."

நன்றாகவே இழுத்தான். நான்காவது ஜாடி வரும்போது அவன் கையில் எடுத்த பாலாடைக்கட்டி வாய்க்குப் போகும் வழியை மறந்து நடுவில் நின்றது. ஐந்தாவதில் இரண்டு பேர் குறட்டை. நடுவில் மாட்டிய ஜாடிக்காரர்கள் மூன்று பேரும் பாவம்தான், நெகானே அவர்கள் பக்கம் பார்க்கவேயில்லை. ஏழாவதைத் திறந்தபோது பிட்டோரியின் கண் மட்டும் திறந்திருந்தது, அதுவும் விட்டத்தில் நிலைத்திருந்தது.

கொல்டோ ஓடிப்போய்ப் பெயோவை உலுக்கினான்.

"எந்திரிடா! ஏழாவது ஜாடி! இழுடா!"

"வெச்சுட்டுப் போ... அப்புறம் சாப்பிடறேன்..."

நெகானேக்கு வயிறு குளிர்ந்தது. மூன்று வருடத்தில் எந்தச் சரக்கும் அவளுக்கு இவ்வளவு சுகம் கொடுத்ததில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, காப்பி குடித்துத் தெளிந்த பிட்டோரி மதிப்பெண் சீட்டுகளைப் புரட்டினாள்.

"ஏழுக்கு ஒருத்தரும் மார்க் போடல. பெயோ மட்டும் கோழி படம் வரைஞ்சிருக்கான். ஆனா மூணு இருக்கே... முதல்ல ஆறு போட்டவங்ககூட அடிச்சுட்டுப் பத்து போட்டிருக்காங்க. அஞ்சு பேரும் பத்து! யாருது?"

நெகானே எழுந்தாள்.

"இது இலேசா, நெகானே? என் காலு எங்க இருக்குன்னு நான் இன்னும் தேடிட்டிருக்கேன்."

கூடம் சிரித்தது. கேட்ட பிட்டோரி சிரிக்கவில்லை.

"தப்பா எழுதிட்டேன்னா இப்பவே சொல்லு. அடுத்த ஞாயிறு எல்லா ஜாடியையும் சரியான வரிசையில மறுபடி பார்ப்போம். இதைப் பார்த்தா தொப்பி உனக்குத்தான் வரும்போல. தெரிஞ்சு எழுதினேன்னா இந்த வருஷப் போட்டியே செல்லாது, உனக்கும் சங்கத்துல இடம் கிடையாது."

கொல்டோவைக் கவிழ்ப்பதைத் தவிர நெகானே வேறெதையும் யோசித்திருக்கவில்லை. தன் செடி நேராகவே ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொப்பி கிடைக்கும், ஊர் முழுக்க அவள் பெயரைச் சொல்லும். வாயைத் திறந்தாள்.

அதற்குள் கொல்டோ முந்திக்கொண்டான். தன் ஜாடிக்கு உயிர் வந்த சந்தோஷத்தில் அவள் தோளில் கை போட்டான்.

"தப்பாத்தான் எழுதியிருப்பா அக்கா. எனக்குத் தெரியாதா? இவளுக்குத் தண்ணி ஊத்தத் தெரியும், அது என்ன செடின்னு அந்தக் காலத்துலயே நான்தான் சொல்லுவேன். பாவம், விடுங்க. அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாம்."

நெகானே அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள்.

"தப்பா எழுதல அக்கா. தெரிஞ்சேதான் எழுதினேன். இவனைக் கவிழ்க்கத்தான் எழுதினேன். எது இலேசு, எது கனம்னு இவனோட தாய்ச்செடியை உண்டாக்கினவளுக்குத் தெரியாதா?"

பிட்டோரி மதிப்பெண் சீட்டுகளை அடுக்கி இரண்டாகக் கிழித்தாள்.

"அக்கா! இது என் மூணாவது வருஷம்!" என்று கொல்டோ அலறினான்.

"எது மூணு? போட்டியே நடக்கலையே, தொடர்ச்சி அறுந்துபோச்சு. அடுத்த வருஷம் வந்து ஒண்ணுல இருந்து எண்ணு."

நெகானே அதைக் கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டினாள்.