அக்கா வீட்டு வாசற்படி

தார் போடும் கும்பலில் அவருக்கு மூணுவிரல் என்று பெயர். தெரு எப்போதும் வாசற்படிக்கு மூன்று விரல் கீழே இருக்கவேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். எந்த வீட்டுப் படியை வைத்து அளப்பது என்று முதல் தடவை ஆபீஸில் கேட்டபோது, தெரிந்த படியாச்சே என்று தன் அக்கா வீட்டுப் படியைக் காட்டினார். அது ஆபீஸ் நோட்டில் ஏறிவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக அதே படிதான்.

மூன்று விரல் உயரம் சட்டத்துக்குப் போதும், மழைக்குப் போதாது. தண்ணீர் வீட்டுக்குள் வரும். அத்தான் படிமேல் ஒரு வரிசை செங்கல் வைப்பார், கதவின் அடியை அறுப்பார். அடுத்த தடவை கும்பல் வந்து, புதுப் படிக்கு மூன்று விரல் கீழே வரை தெருவைத் தூக்கும். தலைவர் வருகிறார் என்று ஒரு தடவை தார் போட்டார்கள். வராமல் போனவர் மறுபடி வருகிறார் என்று இன்னொரு தடவை. ஊர்வலத்தில் டயர் கொளுத்தி ரோடு உருகியதற்கு ஒரு தடவை. இப்படியே ஏழு தடவை ஆயிற்று. கதவு பாதியாகிவிட்டது. அத்தான் குனிந்தே போய்வந்தார்.

எட்டாவது தடவைக்கு ஜல்லி வந்து இறங்கிய அன்று அக்கா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவ தூக்குனீங்கன்னா ஜன்னல் வழியாத்தான்டா போகணும். வீட்ட வித்துட்டுக் கிளம்பிடுவோம். அப்புறம் எந்த அக்கா வீட்டுக்கு வருவே நீ?"

"நீங்க படிய உசத்துறதாலதான்க்கா நாங்க தெருவ உசத்துறோம்."

"நீங்க உசத்துறதாலதான்டா நாங்க உசத்துறோம்!"

இருவரும் குனிந்து படியைப் பார்த்தார்கள்.

"யாரு ஆரம்பிச்சது?" என்றாள் அக்கா.

"மழை," என்றார் உள்ளேயிருந்து அத்தான்.

மறுநாள் விடிந்ததும் மூணுவிரல் கடப்பாரையோடு வந்தார்.

"படிய இடிச்சிடலாம் அத்தான்."

"இடிச்சப்புறமும் அவங்க தார ஊத்திட்டா? தண்ணி கட்டில் வரைக்கும் வருமே."

"ஊத்துனா, நான் உங்க கூடவே உக்காந்து இறைக்கிறேன்."

ஏழு வரிசையும் போனது. அடியில் பழைய கல்படி, கல்யாணத்தன்று அக்கா மிதித்து ஏறியது, தேயாமல் இருந்தது.

ஒன்பது மணிக்கு இஞ்சினியர் நோட்டோடு வந்தார். படியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"தெரு எப்படிய்யா இவ்வளவு மேல வந்துச்சு?"

"தெரியலைங்க சார்."

"படிக்கு மூணு விரல் கீழன்னு எழுதியிருக்கே?"

"ஆமாங்க சார்."

"அப்ப தோண்டுங்க."

ஆறு நாள் தோண்டினார்கள். வராத தலைவருக்குப் போட்ட தார்தான் ரொம்பக் கெட்டியாக இருந்தது. ஏழையும் வாரி லாரியில் ஏற்றிவிட்டு, கல்படிக்குச் சரியாக மூன்று விரல் கீழே புதுத் தார் போட்டார்கள்.

இப்போது கதவுக்கும் படிக்கும் நடுவே ஒரு ஆட்டுக்குட்டி தாராளமாகப் போய்வரலாம். தெருவில் போகிறவர்களின் காலைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடுகிறாள் அக்கா. கதவைத் திறந்தால் ஆறடிக்கு வழி இருக்கிறது. அத்தான் மட்டும் இன்னும் குனிந்துதான் வெளியே வருகிறார்.

மூணுவிரல் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதல் மழை வந்தது. தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அத்தான் எழுந்து போய் மூலையில் கிடந்த செங்கல்லைப் பார்த்தார்.

"கைய வெச்சீங்க, அவ்வளவுதான்," என்றாள் அக்கா.