ரோஸ்மேரிக்குப் பாவம் பார்த்தவர்கள்

ரோஸ்மேரி என்கிற அந்த வாசனைச் செடியை நம்பித்தான் நான் பகல் வேலைக்குக் காத்திருந்தேன். இத்தாலியச் சாப்பாடு போடும் ஹோட்டல் ஒன்றில் எனக்கு இரவு ஷிஃப்ட். நின்று நின்று கால் இரண்டும் மரத்துவிட்டன.

"பச்சை ரோஸ்மேரி போட்டு ஒரு ரொட்டி சுட்டுக் காட்டு. நல்லா வந்தா பகலுக்கு மாத்திடறேன்" என்று தலைமைச் சமையல்காரர் வாய் திறந்து சொன்னதே அதிசயம். கடையில் கிடைப்பது காய்ந்த துடைப்பக்குச்சி. அதனால் பின்கட்டில், பேசில் என்கிற இத்தாலியத் துளசிக்குப் பக்கத்துத் தொட்டியில், நானே வளர்த்தேன். பேசில் தண்ணீர் தண்ணீர் என்று பறக்கும். ரோஸ்மேரிக்கு மண் காய்ந்து கிடக்க வேண்டும். "அதை மட்டும் யாரும் தொடாதீங்க" என்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னேன்.

இந்த வாரம் கூடுதல் வேலை. வீட்டுக்கு வந்தால் படுக்கைதான். செடிப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. ரொட்டி சுட வேண்டிய நாள் காலையில் கத்தரிக்கோலோடு போனால், இலையெல்லாம் பழுப்பாகித் தொங்குகிறது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து நாறியது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "வாடி நின்னுச்சும்மா. பாவமா இருந்துச்சு, ஒரு சொம்பு ஊத்துனேன்."

"நானும்தான்" என்றார் மாமனார். "ஊத்த ஊத்த இன்னும் வாடுச்சு. சரி, பத்தலைன்னு நினைச்சேன்."

என் கணவர் தலையைச் சொறிந்தார். அவர் ராத்திரி பைப்பையே பிடித்திருக்கிறார்.

ஆத்திரம் தலைக்கேறியது. கத்தத் தெம்பில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பகல் வேலை போயே போச்சு.

"செடி வாடுனது மூணு பேர் கண்ணுலயும் பட்டிருக்கு. ராவெல்லாம் அடுப்படியில நின்னுட்டு வர்றேனே, ஒரு நாளாவது ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்டீங்களா?"

மூவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்க ஓடி, சமையலறை வாசலில் முட்டிக்கொண்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அழுகைதான் வந்தது.

மூன்று டம்ளர் தண்ணீர் வந்தது. மூன்றையும் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். சாயங்காலம் மறுபடி இரவு ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும்.