பெயர் சொல்லாத மூட்டை

விடிந்ததும் வெர்லீன் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு சோளமாவு மூட்டை. யார் வைத்தது என்று அவள் தேடவில்லை. ஓட்டுரிமை கேட்டுப் பெயர் பதியப் போன பாவத்துக்காக, பருத்திப் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட கறுப்பர்கள் கூடி வாங்கிய நிலம் இது. இல்லாதவர் வாசலில் இருப்பவர் வைத்துவிட்டுப் போவார், பெயர் சொல்ல மாட்டார். வாங்குகிறவர் முகம் சுருங்கக் கூடாதே! கிடைத்ததில் பாதியை அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். அதுவும் சத்தமில்லாமல்.

நேற்று அந்தியில் வெள்ளைக்காரன் லாரி ஒன்று விளக்கை அணைத்துக்கொண்டு ஊர்ந்து போனது மட்டும் அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

பாதி மாவை அடுத்த வீட்டு ஆம்சியின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். நிலத்தை வாங்கிய சங்கம் கொடுத்த சினைப் பன்றிக்கு மீதியில் ஒரு படி மாவைக் கரைத்து ஊற்றினாள். அது ஈனும் முதல் இரண்டு குட்டிகள் அடுத்த வீட்டுக்கு என்பது ஏற்பாடு.

"தின்னுடி மகாராணி. உன் வயித்த நம்பி ஊரே காத்துக் கெடக்கு."

ஊர்க்கோடிக் குழாயில் முறை காத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டு திரும்பினாள். பன்றி வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. அந்த லாரி எதற்கு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆம்சி வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

ஆம்சி சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க ஆரம்பித்தால் ரொட்டி ஆறி அவலாகிவிடும். அதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை வெர்லீன். இன்று அந்த ஜெபம் முடிந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே அவர் வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

"கை வைக்காதீங்க! அந்த மாவு நான் வச்சது!"

ஆம்சி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "வச்சவ பேரச் சொல்லலாமா தங்கச்சி? வழக்கம் என்னத்துக்கு இருக்கு?"

"வழக்கம் நாசமாப் போக! வெஷம் அண்ணே. பன்னி செத்துப்போச்சு."

மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். நடுவில் விள்ளாத முழு ரொட்டி. வெர்லீன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்க நீட்டு ஜெபந்தான் அண்ணே காப்பாத்துச்சு."

ஆம்சி ரொட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் தள்ளி வைத்தார்.

"நானும் பாதியத்தான் எடுத்துக்கிட்டேன் தங்கச்சி. மீதி அடுத்த வாசல்ல," என்றார்.

அவள் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். சாலை நெடுக எல்லா வீட்டுப் புகைபோக்கியிலும் புகை வந்துகொண்டிருந்தது.